மெக்ரிட்சி நீர்த்தேக்கம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

உட்லண்ட்ஸ் வாசகர்: அண்ணன், மெக்ரிட்சியில் கயாக் விடலாம், மீன் பிடிக்கலாம். நீந்த மட்டும் ஏன் விட மாட்டேன் என்கிறார்கள்?

அது குடிதண்ணீர், தம்பி. சுத்திகரித்த பிறகுதான் குழாயில் வருகிறது என்றாலும், தினமும் நூறு பேர் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்கினால் அந்த வேலை கூடத்தானே செய்யும்? ஆபத்தும் இருக்கிறது. நீச்சல் குளத்தைப் போல இங்கே உயிர்காப்பாளர் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. மீன் பிடிப்பதிலும் இதே கதைதான். ஒதுக்கிய இடங்களில் மட்டும், அதுவும் செயற்கை இரையை வைத்து மட்டும் பிடிக்கலாம். மண்புழு, இறால், ரொட்டி உருண்டை எதுவும் கூடாது. முதலில் தண்ணீர், அப்புறம்தான் பொழுதுபோக்கு. இங்குள்ள விதிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வரிசைதான் காரணம்.

ஈசூன் வாசகி: இதைக் கட்டப் பணம் கொடுத்தது ஒரு வியாபாரி என்று பிள்ளையின் பாடத்தில் வந்தது. உண்மையா?

பாதி உண்மை, அக்கா. அந்தக் காலத்தில் நகரத்துக்குக் கிணறும் ஊற்றும்தான் கதி. சைனாடவுன் பக்கம் மாட்டு வண்டியில் தண்ணீர் போனது. 1857-இல் டான் கிம் செங் என்ற பெரிய வியாபாரி, நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வரட்டும் என்று 13,000 டாலர் தருவதாகச் சொன்னார். அன்றைக்கு அது பெரிய தொகை. ஆனால் அணை, பம்பு, குழாய் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்த்தால் போதவே போதாது. அரசாங்கம் திட்டம் போட்டது, திருத்தியது, இழுத்தது. அவர் 1864-இல் மலாக்காவில் காலமானார். அணை 1860-களின் கடைசியில்தான் முடிந்தது. சரி, தண்ணீர் வந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடுகள் தயாராக 1877 ஆகிவிட்டது. தேக்கம் நிறைந்து கிடக்க, ஊர் கிணற்றடியில் நின்றது!

1882-இல் அவர் நினைவாக நகராட்சி ஒரு நீரூற்று வைத்தது. இப்போது எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கிறது. உயிரோடு இருந்தவரை ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீரும் பார்க்காதவருக்கு நீரூற்று! என்னைக் கேட்டால், இந்தத் தாமதத்தையும் சேர்த்தே பாடத்தில் எழுத வேண்டும்.

அதே வாசகி: அப்படியானால் மெக்ரிட்சி யார்?

ஜேம்ஸ் மெக்ரிட்சி, 1883 முதல் 1895 வரை நகராட்சிப் பொறியாளர். 1890-களின் தொடக்கத்தில் தேக்கத்தைப் பெரிதாக்கியவர். அவர் பெயர் வைத்தது 1922-இல்.

பிடோக் வாசகர்: காட்டுக்குள் ஜப்பானியர் கோயில் இருப்பதாகச் சொல்கிறார்கள். போய்ப் பார்க்கலாமா?

இருந்தது, ஐயா. 1942-இல் சிங்கப்பூர் விழுந்த பிறகு, ஜப்பானியர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளை வைத்துச் சியோனான் ஜின்ஜா என்ற ஷிண்டோ (ஜப்பானிய மரபுச் சமயம்) ஆலயத்தை நீர்த்தேக்கத்தின் கரையில் கட்டினார்கள். 1945-இல் தோற்றதும் ஜப்பானியரே அதை அழித்துவிட்டார்கள். கைகழுவும் கருங்கல் தொட்டி மட்டும் செடிகொடிக்கு நடுவே மிச்சம். அங்கே பாதை கிடையாது, போகவும் அனுமதி இல்லை. அதற்குப் பதிலாக லிம் போ செங் சமாதிக்குப் போங்கள். ஜப்பானியருக்கு எதிராக பிரிட்டிஷார் நடத்திய ரகசியப் படையான படை 136-இல் இருந்தவர்; 1944-இல் பேராக் சிறையில் இறந்தார். 1946 ஜனவரியில் உடலைக் கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். அங்கே நடந்தே போகலாம்.

தோ பாயோ வாசகர்: இந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறது? புகார் செய்தால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள்.

இரண்டு வீட்டுக்காரர்கள். தண்ணீர் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது, காடும் நடைபாதையும் தேசியப் பூங்காக் கழகத்துடையது. செத்த மீன் மிதந்தால் முதலாமவர், குரங்கு பையைப் பிடுங்கினால் இரண்டாமவர். கரையில் நடப்பது யாருடையது என்பதில்தான் குழப்பம் வரும்.

ஆனால் இந்த ஏற்பாட்டால் விளைந்த ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். தீவின் நடுவில் இவ்வளவு காடு மிஞ்சியதற்கு முக்கியக் காரணமே அது நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதுதான். குறுக்குத் தீவு ரயில் பாதையை அதன் அடியில் கொண்டுபோகலாமா, சுற்றிப் போகலாமா என்று 2013 முதல் இயற்கை ஆர்வலர்கள் விவாதித்தார்கள். 2019 டிசம்பரில் அரசாங்கம் நேர்வழியைத் தேர்ந்தது. சுரங்கம் காட்டுக்கு அடியில் ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்தில் போகும். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. இருந்தாலும், அந்த வாக்குவாதம் இல்லாவிட்டால் இவ்வளவு ஆழத்துக்குப் போயிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பொங்கோல் வாசகி: மகன் வளர்த்த ஆமை பெரிதாகிவிட்டது. தண்ணீரில் விட்டால் புண்ணியம்தானே?

தயவுசெய்து வேண்டாம்மா. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்த இனம். விட்டுவிட்டால் ஒன்று பட்டினி கிடந்து சாகும், இல்லை பிழைத்து, நம்மூர் ஆமைகளின் இடத்தைப் பிடிக்கும். விசாக தினத்தையொட்டிப் புண்ணியம் என்று பிராணிகளைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு; அந்த நேரத்தில் அதிகாரிகள் சுற்றி வருவதே இதற்காகத்தான். வளர்க்க ஆள் தேடுங்கள்.

ஜூரோங் வாசகி: ஊரிலிருந்து அத்தை வருகிறார், வயது 68. தொங்குபாலத்துக்கு அழைத்துப் போகலாமா?

பாலம் 250 மீட்டர்தான். ஆனால் பூங்கா வாசலிலிருந்து அங்கே போய்ச் சேரவே சில கிலோமீட்டர் நடக்க வேண்டும், ஏற்ற இறக்கமும் படிகளும் உண்டு. ஒருவழிப் பாதை வேறு, பாதியில் திரும்ப முடியாது. திங்கட்கிழமை மூடியிருக்கும். முழங்கால் வலி இருந்தால் வேண்டாம். தண்ணீர் ஓரமாகப் போகும் பலகைப் பாதையில் முடிந்த தூரம் நடந்துவிட்டுத் திரும்புங்கள், நிழலும் இருக்கும். இட்லிப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். பை சரசரத்தாலே குரங்கு மரத்திலிருந்து இறங்கிவிடும். பாவமே என்று அத்தை ஒரு இட்லியை நீட்டினால், முதல் தடவைக்கே 5,000 டாலர் வரை அபராதம் வரலாம்.