கோலாலம்பூரில் அலியிடம் தோற்ற ஜோ பக்னர் உண்மையிலேயே பயந்தாங்கொள்ளியா?

கேள்வி: 1975-இல் கோலாலம்பூரில் முகம்மது அலியுடன் குத்துச்சண்டையில் மோதிய ஜோ பக்னர், 15 சுற்றும் பயந்து ஒளிந்துகொண்டிருந்தார் என்கிறார்களே, உண்மையா? அலியின் எதிராளிகளில் அவருக்கு எந்த இடம் கொடுப்பீர்கள்?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ரொம்ப வருடமாக ஒரே பதில்தான், பெரியப்பா சொல்லும் பதில். அவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். 1975 ஜூலை 1-ஆம் தேதி எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துக்கொண்டு, கூட வேலை செய்த மலாய்க்காரர் ஒருவரோடு மெர்டேக்கா ஸ்டேடியத்துக்குப் போனார். கல்யாணம், காதுகுத்து, தீபாவளி எதுவானாலும் சாப்பாடு முடிந்த கையோடு எழுந்து நிற்பார். இரண்டு கையையும் கன்னத்தோடு ஒட்டி, தலையைக் குனிந்து காட்டுவார். "இப்படியே நின்னான்டா! பதினஞ்சு ரவுண்டும் இப்படியே நின்னான்!" பிள்ளைகள் எல்லாம் சிரிப்போம். தட்டு கழுவாமல் நழுவுகிறவனுக்கு எங்கள் வீட்டில் பெயரே பக்னர்தான்.

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், 31 வயதில் ஒரு டயர் கடை மாடியில் இருந்த ஜிம்மில் கிளவுஸ் மாட்டும் வரைக்கும். தொப்பையைக் குறைக்கத்தான் போனேன். மூன்றாவது மாதம் கோச் என்னை ஒரு பத்தொன்பது வயதுப் பையனோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்யச் சொன்னார். இரண்டு நிமிடச் சுற்று, மொத்தம் மூன்று. முதல் சுற்றில் நான்தான் முன்னேறிப் போய் அடித்தேன். இரண்டாவதில் அந்த ஹெட்கார்டுக்குள் யார் யாருடைய வியர்வை நாற்றமோ மூக்கில் ஏற, வாயில் பல்லைக் காக்கும் ரப்பரைக் கடித்துக்கொண்டு மூச்சு விடத் தெரியாமல் திணறினேன். மூன்றாவதில் பதினாறு அவுன்ஸ் கிளவுஸ் அரிசி மூட்டை மாதிரி கனத்தது. பையன் வேகமாகக்கூட அடிக்கவில்லை, தட்டிக்கொண்டிருந்தான். நான் கயிற்றில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் கன்னத்தோடு ஒட்டி, தலையைக் குனிந்தேன். பெரியப்பா காட்டும் அதே பக்னர்! அன்று ராத்திரியே அந்தச் சண்டையின் வீடியோவைத் தேடி, முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை பார்த்தேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயந்தாங்கொள்ளி என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் ஜெயிக்க முயன்றாரா என்று கேட்டால், பாதிச் சண்டைக்கு மேல் முயலவில்லை என்றுதான் சொல்வேன். இரண்டும் ஒன்றல்ல.

பக்னர் நல்ல உயரம், நல்ல உடம்பு, இடது கை ஜாப் (முன்கையால் நேராக நீட்டும் வேகக் குத்து) நேராக வரும். அலி அவரைவிட எட்டு வயது மூத்தவர், 33. சிக்கல் எங்கே என்றால், பக்னர் பதிலடி ஆட்டக்காரர். எதிராளி முதலில் கை நீட்ட வேண்டும், அந்த இடைவெளியில் இவர் அடிப்பார். அலியும் அன்று அவசரப்படவில்லை. தூரத்தில் நின்று ஜாப் போட்டார், கொஞ்சம் ஆடினார், சுற்று முடியும் நேரத்தில் படபடவென்று நாலைந்து அடி கொடுத்துப் புள்ளியை வாங்கிக்கொண்டார். நடுவர்கள் கண்ணில் கடைசியில் பார்த்ததுதானே நிற்கும். பக்னரின் ஜாப் பல தடவை போய்ச் சேர்ந்தது. அதன் பின்னாலேயே வலது கை வரவேண்டும், வரவே இல்லை. அலியை ஆட்டிவைத்த கென் நார்ட்டன் என்ன செய்தார்? 1973-இல் அலி ஜாப் போடும்போதே இவரும் ஜாப் போட்டு, ஒரு காலை உள்ளே வைத்தார். அலியின் தாடை உடைந்தது. ஜோ ஃபிரேசியர் தாழ்ந்து குனிந்து நெஞ்சுக்குள் நுழைந்து விலாவை இடித்தார். இரண்டு பேரும் அடி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். பக்னர் அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லை.

ஏன் தயாராக இல்லை என்பதற்குப் பெரியப்பாவுக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. 1969-இல் லண்டனில் பக்னர் டிரினிடாட்டைச் சேர்ந்த உல்ரிக் ரெஜிஸ் என்பவரோடு மோதி ஜெயித்தார். சில நாளில் ரெஜிஸ் மூளைக் காயத்தால் இறந்துபோனார். பக்னருக்கு அப்போது பத்தொன்பதுகூட நிறையவில்லை. அதற்குப் பிறகு அவர் கையில் ஒரு தயக்கம் வந்துவிட்டது என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் முழுக் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் தன் கையால் அடித்த ஒருவர் செத்துப்போனதைப் பார்த்த பையன், எதிராளி தள்ளாடும்போது ஓர் அடி நிதானித்தால் அதைப் பயம் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஹங்கேரியில் பிறந்து, 1956-இல் சோவியத் படை நுழைந்தபோது குடும்பத்தோடு தப்பி இங்கிலாந்து போனவர். அங்கேயும் அவரை யாருக்கும் பிடிக்காமல் போனதற்குக் காரணம் 1971-இல் ஹென்றி கூப்பரைக் கால் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. கூப்பர் பிரிட்டிஷ்காரர்களின் செல்லப்பிள்ளை, அந்தத் தோல்வியோடு ஓய்வும் பெற்றுவிட்டார். மன்னிப்பார்களா?

தைரியம் இல்லாதவர் என்றால் 1973 ஜூலையில் லண்டனில் ஃபிரேசியரோடு நடந்த சண்டையைப் பாருங்கள். பத்தாவது சுற்றில் ஃபிரேசியரின் இடது கை அடியில் பக்னர் கீழே விழுந்தார். எழுந்து, அதே சுற்றில் ஃபிரேசியரையே ஆட்டம் காண வைத்தார். புள்ளியில்தான் தோற்றார். அதே ஆண்டு பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் அலியோடு 12 சுற்று நின்றிருந்தார். ஆரம்பத்திலேயே கண்ணுக்கு மேல் வெட்டு, ரத்தம். கோலாலம்பூரின் 15 சுற்றையும் சேர்த்தால் அலியோடு 27 சுற்று. ஒரு தடவைகூட கீழே விழவில்லை. அதே அலியோடு மோதிய ஜார்ஜ் ஃபோர்மனால் எட்டு சுற்றைத் தாண்ட முடியவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலையும் கொஞ்சம் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் ஊர் ஜூலை மாதக் காலை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். குளித்துவிட்டு பஸ் ஸ்டாப் போவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிடும். அந்தத் திறந்தவெளி ஸ்டேடியத்தில் காலையில் சண்டை வைத்ததற்குக் காரணம் அமெரிக்காவில் அப்போது ராத்திரி, அங்கே ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கும் நேரம். அவர்கள் தேதியில் அது ஜூன் 30. ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் ஃபோர்மனோடு விடியற்காலை நான்கு மணிக்கு நடந்ததும் இதே காரணத்துக்குத்தான். மூன்று மாதம் கழித்து மணிலாவில் ஃபிரேசியரோடு நடந்ததும் காலையில்தான். உலகச் சாம்பியன் என்றாலும் மணி அடிப்பது அமெரிக்க டிவி.

இன்னொரு விஷயம். அலி அந்த ஆண்டு மார்ச்சில் சக் வெப்னர், மே மாதம் ரான் லைல், ஜூலையில் பக்னர், அக்டோபரில் ஃபிரேசியர் என்று நான்கு தடவை பட்டத்தைப் பணயம் வைத்தார். இன்றைக்கு எந்த ஹெவிவெயிட் சாம்பியன் அப்படிச் செய்கிறார்? கோலாலம்பூரில் அலி அடக்கி ஆடியதை நான் சோம்பல் என்று பார்க்கவில்லை. மணிலாவில் சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார். அதற்கான மூச்சில் கொஞ்சம் இங்கேதான் மிச்சம் பிடித்தார் என்பது என் எண்ணம். (மணிலாவுக்கு முன் ஃபிரேசியரை கொரில்லா என்று கேலி செய்ததை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. அலியின் தீவிர ரசிகன்தான் நான், ஆனால் அது அசிங்கம்.)

2018 ஜூலை 15 அன்று இதே கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் ஆக்சியாடா அரேனாவில் பிலிப்பீன்ஸின் மேனி பாக்கியாவும் லூகாஸ் மத்தீசேயும் மோதியதை நானே நேரில் பார்த்தேன். அன்று ராத்திரிதான் உலகக் கோப்பைப் பந்தாட்ட இறுதி ஆட்டம், அதனால் ஊரே தூங்காத ஒரு நாள். மத்தீசே மூன்றாவது சுற்றில் விழுந்தார், ஐந்தாவதில் மண்டியிட்டார், ஏழாவதில் அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) வாங்கி வாயில் இருந்த ரப்பரைத் துப்பினார், அதோடு முடிந்தது. பின்வரிசையில் இருந்த எங்களுக்கே ஏழாவது சுற்றில் அவருக்கு இனி விருப்பமில்லை என்று தெரிந்தது. யாரும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. பாக்கியாவ் 2009-க்குப் பிறகு முதல் தடவையாக ஒருவரைச் சுற்றுகள் முடியும் முன்பே வீழ்த்தினார் என்ற சந்தோஷத்தில் பிலிப்பீன்ஸ்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், நாங்களும் கூடச் சேர்ந்துகொண்டோம். ஏழு சுற்றில் மூன்று தடவை கீழே போனவரை வீரன் என்று வழியனுப்பினோம். 27 சுற்று நின்றவருக்குக் கெட்ட பெயர். விழுந்திருந்தால் பக்னருக்கும் கைதட்டல் கிடைத்திருக்கும் போல.

பக்னர் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டதும் உண்டு. சண்டை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஹோட்டல் நீச்சல் குளத்தில் ஜாலியாக இருந்தார். லண்டனிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரர்கள் அதைப் பார்த்துக் கொதித்துப்போனார்கள். இவ்வளவு தெம்பு மிச்சம் இருந்தால் ரிங்கில் ஏன் காட்டவில்லை என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதம்தான்.

இடம் கேட்டீர்கள். என் கணக்கில் ஃபிரேசியர் முதலாவது. இரண்டாவது நார்ட்டன், மூன்று சண்டையிலும் அலிக்குப் புரியாத புதிராகவே இருந்தவர். பிறகு ஃபோர்மன், அதன் பின் சன்னி லிஸ்டன். லாரி ஹோம்ஸைச் சேர்க்கமாட்டேன், 1980-இல் அவர் அடித்தது அலியின் நிழலை. பக்னரை லைலுக்கும் எர்னி ஷேவர்ஸுக்கும் பக்கத்தில், ஜிம்மி யங்குக்கு ஒரு படி கீழே வைப்பேன். யங் 1976-இல் அலியோடு 15 சுற்று போனார், அவராவது முடிவைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கினார்.

போன தீபாவளிக்குப் பெரியப்பாவிடம் போனில் அந்த வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முறுக்கைத் தொடாமல் ஒன்பதாவது சுற்று வரைக்கும் பார்த்தார். பிறகு போனை நீட்டினார். "நல்லாத்தான் தடுத்திருக்கான். ஆனா அவன் அடிக்கவே இல்லடா தம்பி. நான் எம்சி எடுத்துட்டுப் போனவன்."