கர்ப்ப காலத்தில் ஹார்மோன்களால் மூளை சுருங்குமா?

"மனைவிக்கு ஏழாம் மாதம். கர்ப்பத்தில் மூளை சுருங்கும் என்று எங்கோ படித்துவிட்டு இரண்டு நாளாகப் புலம்புகிறாள். உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அளவு குறைவது உண்மைதான். பயப்பட வேண்டியது அந்தச் செய்திக்குத் தலைப்பு வைத்தவரைப் பார்த்துத்தான். நான் டாக்டர் இல்லை, மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுப்பவள், ஒரு பிள்ளைக்கு அம்மா.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள், புளியைக் கரைத்து வைத்துவிட்டு அதை ஊற்றாமலே ரசத்தை நுரை கட்டி இறக்கிவிட்டேன். மாமியார் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "மிளகுத் தண்ணி நல்லா இருக்கும்மா" என்றார். புளித்தண்ணீர் கிண்ணத்தோடு அடுப்பு மேடையில் இருந்தது. அதே வாரம் வகுப்பில் 'மைட்டோகாண்ட்ரியா' என்ற சொல் வாயில் வராமல் கரும்பலகை முன்னால் நின்றேன். முதல் பெஞ்சுப் பெண் எடுத்துக்கொடுத்தாள். அன்றைக்குத்தான் இதைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

இந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது 2016-ல், 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் வந்த ஒரு ஆய்வால். பார்சிலோனாவில் தலைப்பிரசவம் கண்ட 25 பெண்களைக் கருவுறுவதற்கு முன்பும் பிரசவத்துக்குப் பின்பும் எம்ஆர்ஐ எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளை பெறாத பெண்களையும் அதேபோல எடுத்தார்கள். தாயானவர்களுக்கு மூளையின் சாம்பல் நிறப் பகுதி (நரம்பு செல்கள் நெருங்கி இருக்கும் பகுதி) சில இடங்களில் குறைந்திருந்தது. முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்களை வைத்தே யார் பிள்ளை பெற்றவர், யார் பெறாதவர் என்று கணினி ஒருவரைக்கூடத் தவறவிடாமல் பிரித்துவிட்டது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் மாற்றம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. அப்பாக்களையும் எடுத்தார்கள், அவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆக, குழந்தை வந்த வீட்டின் தூக்கக்கேடு மட்டும் காரணமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். (அந்த அப்பாக்கள் எத்தனை ராத்திரி எழுந்தார்கள் என்பது வேறு கதை.)

எந்த இடங்களில் குறைந்தது என்பதைத்தான் செய்திகள் விட்டுவிடுகின்றன. எதிரே இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்க உதவும் பகுதிகள் அவை. தன் குழந்தையின் படத்தைப் பார்க்கும்போது தாயின் மூளையில் வேலை செய்யும் இடங்களோடு அவற்றில் சில ஒத்துப்போயின. மாற்றம் அதிகமாக இருந்த தாய்மாருக்குப் பிள்ளையோடு ஒட்டுதலும் அதிகமாக இருந்தது. கெட்டுப்போனதற்கு இது அடையாளமா, நீங்களே சொல்லுங்கள்.

ஹார்மோன் எங்கே வருகிறது? கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்ட்ரோனையும் சாதாரண நாளைவிடப் பல மடங்கு சுரக்கிறது. இரண்டும் கொழுப்பில் கரைபவை. அதனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் சுலபமாக நுழைந்து, நரம்பு செல்லின் உட்கரு வரை போய், எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றும். 1990-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பெண் எலிகளிடம் இதைப் பார்த்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸில் நரம்பு செல்லின் கிளைகளில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள் உண்டு. மற்ற செல்களோடு தொடர்பு போடும் இடங்கள் அவை. எலியின் நான்கைந்து நாள் ஹார்மோன் சுழற்சியில் (நம் மாதவிடாய்ச் சுழற்சி மாதிரி), ஒரே நாள் இடைவெளியில் அவை சுமார் 30 சதவீதம் குறைந்தன. பிறகு திரும்ப முளைத்தன. நாலு நாளில் எலிக்கு இவ்வளவு என்றால் பத்து மாதத்தில் நமக்கு ஒன்றும் ஆகாமல் இருக்குமா?

கலிஃபோர்னியாவின் நரம்பியல் ஆய்வாளர் எலிசபெத் கிராஸ்டில் தன்னையே சோதனைக்கு வைத்தார். கருவுறுவதற்கு 3 வாரம் முன்பு தொடங்கி, பிள்ளைக்கு 2 வயது வரை 26 முறை ஸ்கேன். 2024-ல் வெளியான அந்த முடிவிலும் சாம்பல் நிறப் பகுதி குறைந்தது. ஆனால் மூளைப் பகுதிகளை இணைக்கும் வெள்ளை நார்கள் கர்ப்பத்தின் நடுவில் வலுவடைந்து, பிரசவத்துக்குப் பின் பழைய நிலைக்கு வந்தன.

விடலைப் பருவத்திலும் இப்படித்தான் சாம்பல் நிறப் பகுதி மெலிகிறது. பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு மூளை சுருங்கிவிட்டது என்று யாரும் செய்தி போடுவதில்லை. வீட்டில் வேண்டுமானால் சொல்வோம்.

மறதி? கடைசி மாதங்களில் கொஞ்சம் கூடுவது ஆய்வுகளில் தெரிகிறது, வேலை முடங்கும் அளவுக்கு இல்லை. ரொம்ப அதிகமாக இருந்தால் எல்லாவற்றையும் கர்ப்பத்தின் தலையில் போடாமல், ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை முதல் பாதியில் பெரும்பாலும் அம்மாவின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. எனக்கு அதுதான் குறைந்திருந்தது. அன்றிலிருந்து விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, அப்புறம் அரை மணி நேரம் காபி கிடையாது. பிரசவ வலியைக்கூடத் தாங்கிவிட்டேன், இந்த அரை மணி நேரம்தான் இன்னும் பழகவில்லை.