மேற்குப் பால்கனிக்கு எந்த ஆர்க்கிட்?

கேள்வி: திருப்பூரில் இரண்டாவது மாடி வீடு. பால்கனி மேற்குப் பார்த்தது, தண்ணீர் போர்வெல்தான். தை மாதம் நர்சரியில் பூவோடு வாங்கிய அகல இலை ஆர்க்கிட், சித்திரைக்குள் இலை வெளிறி, வேர் அழுகிப் போய்விட்டது. அடுத்து எதை, எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: அகல இலை என்கிறீர்கள், அநேகமாக அது ஃபெலனாப்சிஸ். நேர்வெயில் பட்டால் அதன் இலை வெந்துவிடும். வெயிலுக்குப் பயந்து தண்ணீரைக் கூட்டினால் வேர் அழுகும். கிழக்குச் சன்னலுக்கு உள்பக்கம், காலை வெளிச்சம் மட்டும் விழும் இடம் இருந்தால் அதையே மறுபடி வாங்கலாம். மார்கழி, தையில் நம் பக்கம் இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்குவது அது பூங்காம்பு விடுவதற்கு உதவும்.

மேற்குப் பால்கனிக்கு டென்ட்ரோபியம்தான் சரி. பூச்செண்டுகளில் வரும் ஊதா, வெள்ளைப் பூ வகையைக் கேட்டு வாங்குங்கள். 50 சதவீத நிழல்வலை கட்டினால் கோடையையும் தாங்கும். ஊட்டியில் பார்த்து ஆசைப்பட்டு சிம்பிடியம் ஆர்க்கிட்டைக் கொண்டுவர வேண்டாம்; குளிர்ந்த இரவுகள் இல்லாமல் இங்கே வெறும் இலைதான் வளரும். வாண்டா (Vanda) என்ற ஆர்க்கிட் இனம் வேரைக் காற்றில் தொங்கவிட்டு வாழ்வது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த வேரைச் சீக்கிரம் உலர்த்திவிடும். தினமும் இரண்டு முறை நனைக்க ஆள் இல்லாத வீட்டில் அது நிற்காது.

நர்சரியில் எல்லோரும் பூவைத்தான் பார்க்கிறார்கள். செடி செத்துக்கொண்டிருந்தாலும் பூ ஒரு மாதம் நிற்கும், அதனால் முதலில் வேரைப் பாருங்கள். ஃபெலனாப்சிஸ் பெரும்பாலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியில் வருவதால் வெளியிலிருந்தே தெரியும். காய்ந்த வேர் வெள்ளி நிறத்திலும், நனைந்த வேர் பச்சையாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். பழுப்பேறி, அழுத்தினால் தோல் கழன்று உள்ளே நார் மட்டும் மிஞ்சினால் அந்த வேர் செத்தது. வேர்நுனி பசுமையாகவோ செந்நிறமாகவோ பளபளத்தால் செடி வளர்ந்துகொண்டிருக்கிறது. செடியை மெல்ல அசைத்துப் பாருங்கள். தொட்டிக்குள் ஆடினால் பிடிப்பில்லை, விட்டுவிடுங்கள்.

டென்ட்ரோபியத்தில் தண்டு தடித்திருக்க வேண்டும், அடியில் ஒரு புதுமுளையாவது தெரிய வேண்டும். இலை உதிர்ந்த பழைய தண்டைக் குறையாக நினைக்காதீர்கள். அது செடியின் சேமிப்பு, அதிலும் பூ வரும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதாமல் வளர்ந்தது என்று பொருள், இளம்பச்சைதான் நல்லது. இலையடியிலும் தண்டு மடிப்பிலும் மாவுப்பூச்சி, செதில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டு மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால் வாங்காதீர்கள். பாதிப் பூ விரிந்து, பாதி மொட்டாக நிற்பதே வாங்கத் தோதானது.

அடுத்தது தண்ணீர். திருப்பூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டும், வேர்நுனி கருகும். கரைந்திருக்கும் உப்பின் அளவான டிடிஎஸ் 200க்குள் இருக்கும் தண்ணீர் வேண்டும். மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் வையுங்கள். பூ முடிந்தபின் தொட்டி மாற்றுங்கள். ஃபெலனாப்சிஸின் வேர்க்கட்டுக்கு நடுவே ஈரப்பாசி உருண்டை ஒன்று அடைத்திருக்கும். வெளியே காய்ந்தாலும் அது உள்ளே நனைந்தே கிடந்து வேரை அழுகவைக்கும், எடுத்துவிடுங்கள். புதுத் தொட்டியில் நிரப்ப இரண்டு பங்கு அடுப்புக்கரி, ஒரு பங்கு கூரை ஓட்டுச் சில்லு, ஒரு பங்கு தேங்காய்மட்டைத் துண்டு போதும். மண் கூடவே கூடாது. மட்டைத் துண்டை மூன்று நாள், தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கிய பிறகே போடுங்கள்.

கோடையில் டென்ட்ரோபியத்துக்குத் தினம் காலையில் ஊற்றலாம். ஃபெலனாப்சிஸுக்கு வேர் வெள்ளியானபின் மட்டும், அதுவும் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்காமல். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, ஈரமான வேரில்.