வாசகர் கேள்விகள்: கவிஞர் கஷ்ஷாக்கும் அவருடைய ஓவியக் கோட்பாடும்

கேள்வி: ஹங்கேரியக் கவிஞர் லாயோஷ் கஷ்ஷாக் ஆலைத் தொழிலாளியாக இருந்தவர், சோஷலிஸ்ட் என்று படித்தேன். ஆனால் அவருடைய ஓவியங்களில் தொழிலாளியும் இல்லை, ஆலையும் இல்லை. வட்டங்களும் செவ்வகங்களும்தான் இருக்கின்றன. மக்கள் பக்கம் நின்ற ஒருவர் மக்களுக்கு விளங்காத ஓவியத்துக்குப் போனது ஏன்?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: இதே கேள்வியை அவர் காலத்திலேயே அவரை நோக்கிக் கேட்டார்கள், கேட்டவர்களுள் நாட்டை ஆண்டவரும் ஒருவர். அந்தக் கதையைச் சொன்னால்தான் வட்டங்களும் செவ்வகங்களும் எங்கிருந்து வந்தன என்பது தெளிவாகும்.

கஷ்ஷாக் 1887இல், இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள எர்ஷெக்குய்வார் என்னும் ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுப் பட்டறையில் பூட்டு வேலை பழகினார். 1915இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, ‘செயல்’ என்று பொருள்படும் ‘அ டெட்’ பத்திரிகையைத் தொடங்கினார். எதிரி நாட்டுப் படைப்பாளிகளின் ஆக்கங்களையும் சேர்த்து ஒரு சர்வதேசச் சிறப்பிதழை வெளியிட்டதைத் தொடர்ந்து 1916இல் அதை அரசு தடை செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ‘மா’, அதாவது ‘இன்று’, என்ற அடுத்த பத்திரிகை வந்துவிட்டது.

1919 மார்ச்சில் பேலா குன் தலைமையில் ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. புரட்சியை விரும்பிய கஷ்ஷாக்குக்கு அது சொந்த ஆட்சியாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் ‘மா’ பூர்ஷ்வா, அதாவது முதலாளி வர்க்க, சீரழிவிலிருந்து பிறந்தது என்று குன்னே வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். கலையின் பெயரால் குன்னுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிய கஷ்ஷாக், புரட்சியை ஏற்றுக்கொண்ட கலைஞன் கட்சியின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டவன் ஆகிவிடுவதில்லை என்ற நிலையிலிருந்து இறங்கவில்லை. பத்திரிகை மறுபடியும் தடைக்குள்ளானது. 133 நாட்களில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்தவர்கள் அவரைச் சிறையில் அடைத்தார்கள். 1920இல் அவர் வியன்னாவுக்குத் தப்பிச் சென்று அங்கிருந்து ‘மா’வைத் தொடர்ந்தார். போர்க்கால அரசு, புரட்சி அரசு, புரட்சியை ஒடுக்கிய அரசு ஆகிய மூன்றின் கையிலும் சில ஆண்டுகளுக்குள் அடிபட்ட ஒருவர்தான் 1921இல் ‘படக் கட்டடக்கலை’ என்ற கோட்பாட்டை எழுதினார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அந்தக் கோட்பாட்டின்படி, படம் என்பது வெளியே இருக்கும் எதையும் போன்றது அன்று. அது கதை சொல்வதில்லை. ஐரோப்பிய ஓவியம் பல நூற்றாண்டுகளாகத் துணிப்பரப்பைத் துளைத்து உள்ளே ஆழம் இருப்பதாகக் காட்டி வந்தது. கஷ்ஷாக் அதைத் திருப்பிப் போடுகிறார்: பரப்பு அடித்தளம், அதன்மேல் தட்டையான வண்ண வடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பார்ப்பவரை நோக்கி எழ வேண்டும். கட்டடம் எழுவது போலப் படமும் எழ வேண்டும் என்பதால்தான் அந்தப் பெயர். எதையும் பிரதிபலிக்காத படம் உலகில் புதிதாகச் சேர்ந்த ஒரு பொருளாகிறது. புதிய பொருள்களை ஆக்கத் தெரிந்த மனிதர்களே புதிய சமூகத்தையும் ஆக்குவார்கள் என்று அவர் நம்பினார். தொழிலாளியைப் படமாக வரைவதைவிட, தொழிலாளி உலகை ஆக்குவது போல ஓவியத்தை ஆக்குவதே அவருக்கு முக்கியமாகப் பட்டது. எனவே இதை மக்களை விட்டு விலகிய செயலாக நான் கருதவில்லை. அந்த ஓவியங்கள் பெரும்பாலான தொழிலாளர்களைச் சென்று சேரவில்லை என்ற உங்கள் குறை நியாயமானதுதான். ஆனால், அதற்காகச் சுவரொட்டிப் பாணிக்கு இறங்கியிருக்க வேண்டும் என்று சொன்னால் குன் சொன்னதை நாமும் சொன்னவர்கள் ஆவோம்.

கேள்வி: ரஷ்யாவில் ஓவியர் மாலெவிச் முன்பே செய்ததைத்தானே இவரும் செய்தார்? கோட்பாட்டாளர் கஷ்ஷாக், கவிஞர் கஷ்ஷாக் இருவரில் யார் பெரியவர்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முந்தியவர் மாலெவிச்தான், அவருடைய ‘கறுப்புச் சதுரம்’ ஓவியம் 1915இலேயே காட்சிக்கு வந்துவிட்டது. ரஷ்யக் கட்டமைப்புவாதிகளின் தாக்கமும் கஷ்ஷாக்கிடம் வெளிப்படையாகத் தெரிகிறது. அவர்களுள் பலர் ஓவியத்தையே கைவிட்டு, பயன்படுபொருள்களை வடிவமைக்கப் போனார்கள். கஷ்ஷாக் அந்த எல்லைக்குப் போகவில்லை, ‘கலை கலையாகவே இருக்கும்’ என்று நின்றுகொண்டார். அந்த வேறுபாடு உண்மையானது என்றாலும், ‘படக் கட்டடக்கலை’ பிரகடனத்தின் உரத்த குரல் அதை விளக்குவதைவிட மறைக்கவே செய்கிறது. கோட்பாட்டை எளிதில் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு, 1922இல் ஹங்கேரியக் கலைஞர் லாஸ்லோ மொஹோலி-நாகியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ‘புதிய கலைஞர்களின் நூல்’ உதவும். இயந்திரங்கள், பாலங்கள் ஆகியவற்றின் புகைப்படங்களும் புதிய ஓவியங்களும் அதில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. அவர் பிரகடனத்தில் நிறுவ முயன்றதை அந்தப் பக்கங்கள் பார்த்த மாத்திரத்தில் காட்டிவிடுகின்றன.

என்னைக் கேட்டால் கவிஞரே பெரியவர் என்பேன். ‘குதிரை சாகிறது, பறவைகள் வெளியே பறக்கின்றன’ என்ற நெடுங்கவிதை 1922இல் வந்தது. 1909இல் காசில்லாமல் பாரிசுக்கு நடந்து போன தம் பயணத்தையே அவர் அதில் பாடினார். ஓவியம் கதை சொல்லக் கூடாது என்று வாதிட்டவர், அடுத்த ஆண்டே எழுதிய தம் மிகச் சிறந்த படைப்பில் தம் சொந்தக் கதையைச் சொல்கிறார். ஆனால் அவர் சொல்லும் விதத்தைப் பாருங்கள்: பசி, காதல், சத்திரங்கள், தெருக்கூட்டங்கள் எல்லாம் பொருளற்ற ஒலிகளோடு மோதித் துண்டு துண்டாக வருகின்றன, எந்தத் துண்டும் அடுத்ததை விளக்குவதில்லை. தாம் லாயோஷ் கஷ்ஷாக் என்று பெயரைச் சொல்லிவிட்டு, தலைக்கு மேலே ஒரு நிக்கல் சமோவார் (தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் கலம்) பறப்பதாகச் சொல்லிக் கவிதையை முடிக்கிறார். ஒன்றின்மேல் ஒன்றாக வண்ணத் தகடுகளை அடுக்கிய அதே கை, இங்கே நினைவுகளை அடுக்குகிறது. கோட்பாடு விலக்கிவைக்க விரும்பிய வாழ்க்கை கவிதைக்குள் வலுவாக நுழைந்திருப்பதால், கோட்பாட்டின் பயனையும் நாம் கவிதையில்தான் முழுமையாகக் காண்கிறோம்.

கேள்வி: மொஹோலி-நாகியை உலகம் அறியும், கஷ்ஷாக்கை அவ்வளவாக அறியவில்லையே?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: மொஹோலி-நாகி 1923இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் என்னும் கலை, வடிவமைப்புப் பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். கஷ்ஷாக் 1926இல் புடாபெஸ்டுக்குத் திரும்பி, ஹங்கேரிய மொழியில் எழுதிக்கொண்டு, 1928 முதல் 1939 வரை ‘உழைப்பு’ என்று பொருள்படும் ‘முன்க்கா’ இதழை நடத்தினார். உலகப் புகழுக்கு அது குறுக்கு வழி அன்று. 1950களின் தொடக்கத்தில், நாட்டின் பண்பாட்டுக் கொள்கையைக் குறைகூறியதற்காக, அப்போது ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய எழுத்துகளும் அச்சேறாமல் தடுக்கப்பட்டன. இறப்பதற்கு 2 ஆண்டுகள் முன்பு, 1965இல்தான் ஹங்கேரிய அரசின் கொஷூத் விருது கிடைத்தது. புடாபெஸ்டின் ஓபுடா பகுதியில் அவர் பெயரில் 1976இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குப் போனால் பத்திரிகை, கவிதை, ஓவியம் மூன்றையும் அருகருகே காணலாம்.