தாஜ்மஹாலை எந்தப் பிரிவில் வைப்பது?

கேள்வி: அம்மா, துண்டு துண்டாகப் பூட்டிக் கட்டும் லெகோ பொம்மை செட்டுகள் என்னிடம் 60 இருக்கின்றன. சேகரிப்பாளர்களுக்கான ஆன்லைன் டேட்டாபேஸில் பதிந்துகொண்டு வருகிறேன். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த பெரிய தாஜ்மஹால் (செட் எண் 10256) ஒரு பிரிவில் வருகிறது, நான் வாங்கிய சின்னது (21056) வேறு பிரிவில் வருகிறது. கட்டடம் ஒன்றுதானே? என் பட்டியலில் ‘கட்டடங்கள்’ என்று ஒரே பிரிவாக மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பிரிவை மாற்றாதீர்கள். ‘கட்டடங்கள்’ என்பதை டேக்காக, அதாவது தேடுவதற்கான அடையாளச் சொல்லாக, போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியதன் பெட்டியில் ‘கிரியேட்டர் எக்ஸ்பர்ட்’ என்று இருக்கும். 2017-ல் வந்தது, 5,923 துண்டுகள். சின்னது ‘ஆர்க்கிடெக்சர்’, 2021, 2,022 துண்டுகள். இவற்றுக்கு முன்பே, 2008-ல், 10189 என்ற எண்ணில் 5,922 துண்டுகளோடு ஒரு தாஜ்மஹால் வந்திருக்கிறது. 10256-க்கும் அதற்கும் ஒரே ஒரு துண்டுதான் வித்தியாசம், ஆனாலும் தனி எண். அதனால் முதலில் எண்ணைச் சரியாகப் பதியுங்கள். பிரிவு, பெட்டியில் கம்பெனி போட்டது எதுவோ அதுதான். கம்பெனியே பெயரை மாற்றும். 2022-லிருந்து இந்த மாதிரி பெரிய செட்டுகள் ‘ஐகான்ஸ்’ என்று வருகின்றன. எண் மாறாது.

எங்கள் வீட்டுக் கொலுவுக்கு விளாச்சேரியில் வாங்கிய மீனாட்சி திருக்கல்யாண செட் ஒன்று உண்டு. ஒரு வருஷம் எடுத்துவைக்கும்போது, தாரை வார்த்துக் கொடுக்கும் பவளக்கனிவாய்ப் பெருமாளை, பெருமாள்தானே என்று தசாவதாரப் பெட்டியில் வைத்துவிட்டேன். அடுத்த நவராத்திரிக்கு இடம் போதாமல் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒன்பது நாளும் அம்மனும் சொக்கரும் தாரை வார்க்க ஆளில்லாமல் நின்றார்கள். எனக்கு இன்னமும் அது மனசில் உறுத்துகிறது. எந்த செட்டோடு வந்ததோ, அதோடுதான் இருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் ஆசையும் நியாயமானதுதான். நூலகப் படிப்பில் எனக்கு உடம்பு சிலிர்த்த பாடம் ஒன்று சொல்கிறேன். நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ செட்டைப் பார்த்தார். அதே பட்டை, அதே சக்கரம், அதே நட்டு போல்ட்டு. மாற்றிப் பூட்டினால் வேறு பொம்மை. புத்தகத்தின் விஷயத்தையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்து, பொருள், இடம், காலம் என்று பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. நூலகப் புத்தகங்களைப் பிரிக்க அவர் வகுத்த அந்த வழி, 1933-ல் ‘கோலன் பகுப்பு முறை’ என்று நூலாக வந்தது. பொம்மையிலிருந்து நூலகத்துக்கு வந்த அந்த யோசனையை நீங்கள் மறுபடி பொம்மைக்கே கொண்டுபோகலாம். கட்டடம், இந்தியா, மச்சான் கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் டேக் போடுங்கள். ‘கட்டடம்’ என்று தேடினால் இரண்டு தாஜ்மஹாலும் சேர்ந்தே வரும்.

கேள்வி: பெட்டியில்லாத லெகோ துண்டுகள் ஒரு முறுக்கு டப்பா நிறைய இருக்கின்றன. எந்த செட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– மாணவி, மேலூர்

பதில்: நிறம் பார்த்துப் பிரிக்காதே அம்மா, வடிவம் பார்த்துப் பிரி. சிவப்புக் குவியலில் குட்டிச் சிவப்புத் துண்டு கண்ணில் படாது. பெரும்பாலான துண்டுகளின் அடியிலோ உட்புறத்திலோ பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஆனால் 2×4 கட்டையின் எண்ணான 3001-ஐ டேட்டாபேஸில் போட்டால் ஏகப்பட்ட செட்டுகள் வந்து நிற்கும். படம் அச்சிட்ட துண்டு, மனிதப் பொம்மையின் உடம்பு, இப்படி அபூர்வமானதைத் தேடு. அது ஒன்றிரண்டு செட்டுகளில்தான் இருக்கும். அப்புறம் அந்த செட்டின் துண்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு டப்பாவை ஒரு செய்தித்தாளில் கொட்டு.