கொலு பொம்மையில் வெடிப்பும் பூஞ்சையும்

கேள்வி: காருகுறிச்சி மண்சட்டியை அச்சாக வைத்துக் காகிதக்கூழில் கொலு பொம்மைகள் செய்தேன். வெடிப்பு விட்டது, பூஞ்சை பூத்தது, அடிப்பக்கம் பெயிண்டும் உரிகிறது. ஏன்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கூழில் தண்ணீர் அதிகம். கைப்பிடியில் இறுக்கினால் சொட்டக் கூடாது. பிழிந்த கூழ் 4 கப், சாக் பவுடர் 1 கப், மைதாப் பசை 1 கப் போதும். ஒரே அப்பாக அப்பி ஆடிக் காற்றில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகிவிடும். பிறகு உள்ளே காய்ந்து சுருங்கும்போது வெடிக்கத்தான் செய்யும். கால் அங்குலக் கனம் அப்பி, நிழலில் நன்கு காய்ந்த பின் அடுத்த அப்பு.

மைதா பூஞ்சைக்கு நல்ல விருந்து. பாதிப் பசைக்குப் பதில் ஃபெவிகால் சேருங்கள். பூஞ்சை வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவாரும் உண்டு. அது விஷம், பிள்ளைகள் தொடும் பொம்மைக்கு வேண்டாம். ஐப்பசி மழை பிடிக்கும் முன் வேலையை முடித்துவிடுவது உத்தமம்.

பெயிண்ட் உரிவதற்குச் சட்டியில் தடவிய தேங்காய் எண்ணெய்தான் காரணமாக இருக்கும். எண்ணெய்க்குப் பதில் ஈரக் காகிதம் ஒரு சுற்று ஒட்டி, மேலே கூழ் அப்புங்கள். காய்ந்ததும் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, சாக் பவுடரும் ஃபெவிகாலும் கலந்து இரண்டு கோட்டிங், அதன்மேல் அக்ரிலிக். வார்னிஷ் மறுநாள்தான்.