வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது, 60 கிலோ. முதன்மைப் பித்தநாள நோய்க்கு (ஈரலுக்குள் இருக்கும் சிறு பித்தக் குழாய்கள் மெல்லச் சிதையும் நோய்) ஐந்து வருடமாக உர்சோ (பித்த அமில மருந்து) குளிசை. பிலிருபின் (இரத்தத்தில் சேரும் மஞ்சள் நிறமி) 3.4, இரவெல்லாம் கடி (தோல் அரிப்பு). ஈரல் மாற்ற வேண்டுமா? நான் கொடுக்கலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் உர்சோவின் அளவைப் பாருங்கள். கிலோவுக்கு 13–15 மி.கி. என்றால் அம்மாவுக்கு நாளொன்றுக்கு 780–900 மி.கி. வேண்டும். பலர் 300இலேயே நின்றுவிடுகிறார்கள். கடிக்குக் கொலஸ்டிரமின் தூள் தந்திருந்தால் உர்சோவுக்கும் அதற்கும் நான்கு மணி இடைவெளி விடுங்கள். சேர்த்துக் குடித்தால் தூள் உர்சோவைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.

பிலிருபின் டெசிலீற்றருக்கு 3 மி.கி.யைத் தாண்டினாலே மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் காட்டவேண்டும். (லாப் மைக்ரோமோலில் எழுதியிருந்தால் 17ஆல் வகுங்கள்.) ராகம போதனா வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது. காட்டுவது வேறு, உடனே மாற்றுவது வேறு. பிலிருபின், ஐஎன்ஆர் (இரத்த உறைவு அளவு), கிரியேட்டினின் (சிறுநீரக அளவு), சோடியம் கொண்டு கணக்கிடும் மெல்ட் புள்ளி (ஈரல் நோயின் கடுமையைக் காட்டுவது) 15ஐ எட்டினால்தான் பொதுவாகச் சத்திரசிகிச்சை. மருந்துக்கு அடங்காத கடி இதற்கு விதிவிலக்கு. புள்ளி குறைவென்றாலும் அதற்காகவே மாற்றலாம்.

நீங்கள் கொடுக்க இரத்த வகை பொருந்தவேண்டும், ஈரலில் கொழுப்பு படிந்திருக்கக்கூடாது. எடுக்கும் துண்டு அம்மாவின் எடையில் 0.8 வீதம், அதாவது 480 கிராமாவது வேண்டும். உங்கள் ஈரலில் குறைந்தது 30 வீதம் உங்களிடம் மிஞ்சவும் வேண்டும். சீ.டி. அளவெடுப்பில் பலர் கழிக்கப்படுவது இங்கேதான்.

மாற்றிய ஈரலிலும் இந்த நோய் திரும்பலாம். ஆகவே மாற்றிய பின் உர்சோவை நிறுத்தச் சொன்னால் காரணம் கேளுங்கள்.